பதினேழில் பதினொன்று

வருஷத்தில் ஒரு திங்கட்கிழமை, பிப்ரவரி மாதத்தில், விடியற்காலை 5 மணிக்கே எங்கள் வீட்டு டிவி அலற ஆரம்பித்துவிடும். எல்லாம் பையன் வேலைதான். அமெரிக்காவில் ஞாயிறு மாலை நடக்கும் சூப்பர் பவுல் நமக்குத் திங்கள் காலை. தூக்கம் போய்விட்டதால் நானும் காபியோடு உட்கார்ந்தேன். ஓரத்தில் ஒருவர் தொப்பி போட்டுக்கொண்டு, வியர்வை ஒரு சொட்டு இல்லாமல் நின்றுகொண்டிருந்தார்.

"அவர் யாருடா?"

"பேக்கப் குவார்ட்டர்பேக்ப்பா. மெயின் ஆளுக்கு அடிபட்டா இவர் இறங்குவார்."

"அடிபடலைன்னா?"

"சும்மா நிப்பார்."

அவருடைய சம்பளத்தைக் கேட்டதும் காபி ஆறிவிட்டது, போங்கள். ஆனால் அந்த 'சும்மா நிப்பார்' மட்டும் மனதில் தங்கிவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டு படித்தபோது கிடைத்தவர்தான் ஏர்ல் மோரால்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு பக்கத்துக்கு 11 பேர். ஒவ்வொரு முறையும் பந்தை முதலில் வாங்கி, அதை யாரிடம் கொடுப்பது, யாருக்கு எறிவது என்று முடிவு செய்பவர் குவார்ட்டர்பேக். எதிரணி எல்லைக்குள் பந்தைக் கொண்டு போய்விட்டால் டச்டவுன், 6 புள்ளி. குவார்ட்டர்பேக்குக்கு இருப்பது ஒரே ஓர் இடம். கிரிக்கெட்டில் ரிசர்வ் விக்கெட் கீப்பர் கதைதான். முதல் ஆள் நன்றாக இருக்கும்வரை இரண்டாவது ஆளுக்கு வழி கிடையாது.

மோரால் 1934ல் மிச்சிகன் மாநிலத்தில் மஸ்கீகன் என்ற ஊரில் பிறந்தவர். 1956ல் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும்போது நாட்டிலேயே இரண்டாவதாக எடுக்கப்பட்டார். எடுத்தது சான்ஃபிரான்சிஸ்கோ. ஆக, அவர் ஒன்றும் 'ரெண்டாம் தரம்' என்று முத்திரை குத்தி வந்தவர் இல்லை. அடுத்த வருஷமே பிட்ஸ்பர்குக்கு மாற்றல். அதற்கடுத்த வருஷம் டெட்ராய்ட். அதுவும் பாபி லேன் என்ற பெரிய தலையைக் கொடுத்து இவரை வாங்கினார்கள். 1965ல் நியூயார்க், 1968ல் பால்டிமோர், 1972ல் மியாமி. 21 சீசன், ஆறு ஊர். மூட்டை கட்டுவதைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, இல்லையா?

நடுவில் 1962ல் வீட்டில் புல்வெட்டும் மெஷினில் மாட்டிக் கால் கட்டைவிரலைப் பறிகொடுத்தார். மனுஷன் அடுத்த வருஷமே 24 டச்டவுன் எறிந்தார். நியூயார்க்கிலும் முதல் வருஷம் நன்றாகத்தான் ஆடினார். பிறகு மணிக்கட்டு உடைந்தது, ஃப்ரான் டார்க்கன்டன் என்ற நட்சத்திரம் வந்து சேர்ந்தார், இவர் பெஞ்சுக்குப் போனார்.

அசல் கதை 1968ல் தொடங்குகிறது. பால்டிமோர் கோல்ட்ஸின் குவார்ட்டர்பேக் ஜானி யுனைட்டஸ். அந்தக் காலத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பார்கள். அவர் பக்கத்தில் உட்கார ஓர் ஆள் வேண்டுமே என்றுதான் 34 வயது மோராலைக் கூட்டி வந்தார்கள். சீசன் தொடங்கும் முன் பயிற்சி ஆட்டத்தில் யுனைட்டஸின் முழங்கையில் அடி. இவர் இறங்கினார். 14 ஆட்டத்தில் 13 வெற்றி. 26 டச்டவுன், லீகிலேயே அதிகம். அந்த வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் இவருக்கே. அவர்களைத் தோற்கடித்த ஒரே அணி கிளீவ்லாண்ட். அதையும் சாம்பியன்ஷிப் ஆட்டத்தில் 34-0 என்று துவைத்துக் காயப்போட்டார்கள்.

பிறகு வந்தது 1969 ஜனவரி 12, மியாமியில் மூன்றாவது சூப்பர் பவுல். எதிரே நியூயார்க் ஜெட்ஸ். பால்டிமோர் 18 புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்று பந்தயக்காரர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள். முதல் பாதி முடியும் நேரத்தில் ஒரு தந்திர ஆட்டம். பந்தைக் கையில் வாங்கி ஓடிய டாம் மேட் திரும்பி மோராலிடமே எறிந்தார். எதிரணி மொத்தமும் ஏமாந்து நிற்கிறது. அந்தக் கோடியில் ஜிம்மி ஆர் தன்னந்தனியாகக் கையை ஆட்டுகிறார். மோரால் அவரைப் பார்க்கவில்லை. நடுவில் இருந்த இன்னொருவருக்கு எறிந்தார், ஜெட்ஸ் ஆள் பறித்துக்கொண்டார். (ஆர் நின்ற இடத்துக்குப் பின்னால் இடைவேளைக்குத் தயாராக நின்ற பேண்டுக்காரர்களின் உடையும் நீலம், அதில் இவர் கலந்துவிட்டார் என்று ஒரு விளக்கம் உண்டு.)

17 தடவை எறிந்து 6 மட்டுமே சேர்ந்தது. 3 எதிரி கைக்குப் போனது. பயிற்சியாளர் டான் ஷூலா, மூன்றாம் பகுதியில் 13-0 என்று ஆன பிறகுதான் யுனைட்டஸை இறக்கினார். யுனைட்டஸ் ஒரு டச்டவுனுக்கு வழி செய்தார், அதற்குள் நேரம் போய்விட்டது. 16-7 தோல்வி. சீசன் முழுக்கச் சுமந்தவர் பெயரை அந்த ஒரு ஆட்டத்தோடு சேர்த்துத்தான் எழுதினார்கள்.

இரண்டு வருஷம் கழித்து, 1971 ஜனவரியில், அதே மியாமியில் ஐந்தாவது சூப்பர் பவுல். இப்போது முதல் ஆள் யுனைட்டஸ். இரண்டாம் பகுதியில் அவருக்கு விலாவில் அடிபட, மீதி ஆட்டம் மோரால். கடைசி 5 வினாடி இருக்கையில் புதுப்பையன் ஜிம் ஓப்ரையன் உதைத்த பந்தில் 16-13 வெற்றி. உதைக்கும்போது பந்தைத் தரையில் நிறுத்திப் பிடித்தவரும் மோரால்தான். ஓப்ரையன் பதற்றத்தில் காற்று எந்தப் பக்கம் என்று பார்க்கக் குனிந்து புல்லைக் கிள்ளப் பார்த்தாராம். செயற்கைப் புல், எப்படி வரும்!

1972ல் பால்டிமோர் அவரை வேண்டாம் என்று விட்டது. அப்படி விடப்பட்டவரை இன்னொரு அணி எடுக்கக் கட்ட வேண்டிய தொகை 100 டாலர். கட்டியது மியாமி டால்ஃபின்ஸ். அங்கே பயிற்சியாளர் யார்? அதே ஷூலா. தோற்ற ஆட்டத்தை நேரில் பார்த்தவரே திரும்பக் கூப்பிட்டார், கவனியுங்கள்.

ஐந்தாவது ஆட்டம், அக்டோபர் 15. முதல் ஆள் பாப் கிரீஸியின் கால் உடைந்தது. 38 வயது மோரால் எழுந்து போனார். அன்று ஜெயித்தது, அடுத்த ஒன்பதும் ஜெயித்தது, 14-0. நேர்மையாகச் சொன்னால் எல்லாம் இவர் கைவண்ணம் இல்லை. லாரி சோங்கா, மெர்க்குரி மாரிஸ் இருவரும் ஆளுக்கு ஆயிரம் கெஜம் ஓடினார்கள். ஒரே அணியில் இருவர் அப்படி ஓடியது அதுவே முதல் தடவை. தடுப்பாட்டமும் இரும்பு. மோராலின் வேலை கெடுக்காமல் நடத்துவது. அது சின்ன வேலை என்று நினைப்பவர்கள், மேனேஜர் இரண்டு மாதம் லீவில் போன கிளையில் சாவிக்கொத்தை வாங்கிப் பார்க்கட்டும்.

பிளேஆஃபில் முதலில் கிளீவ்லாண்ட், 20-14. அடுத்து டிசம்பர் 31 பிட்ஸ்பர்க். பாதி ஆட்டத்தில் 7-7. இடைவேளைக்குப் பின் பிட்ஸ்பர்க் 10-7 என்று முந்தியதும், கால் தேறி உட்கார்ந்திருந்த கிரீஸியை ஷூலா இறக்கினார். 21-17 வெற்றி. நான்கு வருஷம் முன்பு 13-0 வரை காத்திருந்தவர் இந்தத் தடவை 3 புள்ளிக்குமேல் காத்திருக்கவில்லை. அந்தப் பழைய ஜனவரி அவர் மனதில் ஓடியிருக்கும் என்பது என் ஊகம்.

சூப்பர் பவுலுக்கும் கிரீஸிதான். 11 ஆட்டம் தொடங்கி 11லும் ஜெயித்தவர் ஓரத்தில். இது நியாயமா? பையனோடு ஒரு வாரம் சண்டை போட்டேன். கிரீஸி நிரந்தர ஆள், திரும்பி வந்தால் நாற்காலி அவருடையது என்கிறான் அவன். தோற்காதவனை எழுப்பலாமா என்கிறேன் நான். இதில் ஷூலாவின் கணக்கு தப்பவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 14-7, மொத்தம் 17-0. 2007 சீசனில் நியூ இங்கிலாந்து 18-0 வரை வந்து கடைசி ஆட்டத்தில் கவிழ்ந்தது.

ஓரத்தில் என்றேனே, முழுதாக இல்லை. அன்றும் பந்தைப் பிடித்து நிறுத்தும் வேலை மோராலுடையது. கடைசிக் கட்டத்தில் கேரோ யெப்ரிமியன் உதைத்த பந்து தடுக்கப்பட்டுத் திரும்பி வர, யெப்ரிமியன் அதை எடுத்து எறியப் போய்க் கோமாளித்தனமாகிவிட்டது. வாஷிங்டன் அடித்த ஒரே டச்டவுன் அதுதான்.

பெஞ்சும் களமுமாக 1976 சீசன் வரை, 42 வயதுவரை இருந்தார். பிறகு மியாமி பல்கலைக்கழகத்தில் ஜிம் கெல்லி, பெர்னி கோசார், வின்னி டெஸ்டவெர்டி என்று மூன்று பெரிய குவார்ட்டர்பேக்குகளுக்குப் பயிற்சி தந்தார். ஃப்ளோரிடாவில் டேவி என்ற ஊருக்கு மேயராகவும் இருந்தார். ஷூலா, யுனைட்டஸ், கிரீஸி மூவரும் ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்கள். மோரால் இல்லை.

2014 ஏப்ரலில், 79 வயதில் இறந்தார். பிறகு மூளையைச் சோதித்தபோது, தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் சி.டி.இ. நோய், அதுவும் முற்றிய நான்காம் நிலையில் இருந்தது தெரிந்தது. பையனிடம் சொன்னேன். "சும்மா நின்னவருக்கேவாப்பா?" என்றான்.