இறால் குளத்தில் எர்த் எங்கே?

சிலாபம், முந்தல், புத்தளம் பக்கத்து இறால் பண்ணைகளில் தண்ணீரின் பிஎச் ஏழரைக்கும் எட்டரைக்கும் நடுவில் நின்றால்தான் பண்ணைக்காரருக்கு நிம்மதி. பகலில் பாசி கரியமில வாயுவை உறிஞ்ச அளவு ஏறும், இரவில் இறங்கும். கண்டல் சேற்றை வெட்டிக் கட்டிய குளமென்றால் மண்ணே அமிலம் கக்கும். அங்கே கையிலெடுக்கும் மீட்டர் பிறந்ததென்னவோ எலுமிச்சைச் சாற்றுக்காக.

1934இல் கலிபோர்னியாவில் எலுமிச்சை வேதியியலாளர் கிளென் ஜோசப், கல்லூரித் தோழர் ஆர்னல்ட் பெக்மனிடம் வந்தார். சாற்றில் கலந்த கந்தக டைஆக்சைடு, அமிலம் அளக்க நிறம் காட்டும் தாள்களை வெளிறச் செய்துவிடும். பிஎச் அளக்கும் கண்ணாடி மின்வாய் 1909 முதலே இருந்தது. ஆனால் கால்வனோமீட்டர் முள்ளை அசைக்கும் அளவுக்காவது மின்னோட்டம் வர வேண்டுமென்று கண்ணாடியை மிக மெல்லியதாக ஊதினார்கள், அது உடைந்துகொண்டே இருந்தது. பெக்மன் வெற்றிடக் குழாய்ப் பெருக்கியைச் சேர்த்தார். தடித்த கண்ணாடியும் போதுமென்றாயிற்று. 1936இல் காப்புரிமை கிடைத்தது.

அன்றே ஒரு தலைவலியும் கூடப் பிறந்தது. கண்ணாடியின் தடை சுமார் 100 மெகாஓம். ஒரு பிஎச் வித்தியாசம் 25 பாகை செல்சியஸில் வெறும் 59 மில்லிவோல்ட். ஒரு நானோஆம்பியர் வழிதவறிக் கசிந்தாலும் 100 மில்லிவோல்ட் பிழை. ஒன்றரைப் பிஎச்சுக்கும் மேல். கற்பிட்டிக் காற்றின் உப்பு ஈரம் மீட்டரின் சர்க்யூட் போர்டில் படிந்து, பக்கத்து 5 வோல்ட் தடத்துக்கும் உள்ளீட்டுக்கும் இடையே 10 கிகாஓம் பாதை திறந்தால், அதில் பாதிப் பிழை வந்துவிடும்.

மருந்து 19ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. இயற்பியலாளர் வில்லியம் தாம்சன் தன் மின்னழுத்தமானியில் தட்டைச் சுற்றி ஒரு காப்பு வளையம் வைத்தார், மின்புலத்தின் ஓரங்களைச் சீராக்க. அதே வளையம் பின்னாளில் கசிவைத் தடுக்கப் பயன்பட்டது: உள்ளீட்டைச் சுற்றி அதே மின்னழுத்தத்தில் ஒரு செப்புக்கோடு. அழுத்த வேறுபாடு இல்லாவிட்டால் ஓட்டம் எதற்கு?

கசிவு அடங்கினாலும் கிரவுண்டுப் பிரச்சினை மிச்சம். பல அடுக்குப் போர்டுகள் 1960களில் வந்தபின் தனி அடுக்கையே கிரவுண்டுக்கு விட முடிந்தது. பிறகு வழக்கும் தொடங்கியது. அனலாக், டிஜிட்டல் கிரவுண்டை நடுவே வெட்டிப் பிரிப்பதா, ஒரே தளமாக விடுவதா? வேகமான சிக்னலின் திரும்பு மின்னோட்டம் தன் தடத்துக்கு நேர் கீழேயே ஓடப் பார்க்கும். வழியில் வெட்டு வந்தால் சுற்றிப் போகும். அந்தச் சுற்று இரைச்சலை வாரி இறைக்கும். பெரும்பாலான போர்டுகளுக்கு வெட்டாத தளமே நல்லது, பாகங்களை மட்டும் இடம் பிரித்து வைத்தால் போதும் என்பதே என் கட்சி. அரைகுறை வெட்டு எல்லாவற்றிலும் மோசம்.

இறால் குளம் மட்டும் விதிவிலக்கு. அங்கே தண்ணீரே ஒரு எர்த், கரண்டில் ஓடும் காற்றூட்டிச் சக்கரங்களின் கசிவும் அதில் ஓடும். மீட்டரும் மின்சாரச் செருகியில் மாட்டியிருந்தால், இரண்டு எர்த்துக்கும் இடையே ஓடும் மின்னோட்டம் கண்ணாடி மின்வாயின் துணையான ஒப்பீட்டு மின்வாய் வழியாகப் போய் அளவைக் கலைத்துவிடும். அங்கே முழு வெட்டு வேண்டும்: மின்வாய்ப் பகுதிக்குத் தனி கிரவுண்டுத் தீவு, தனிமைப்படுத்திய மின்வழங்கல், ஒளியாலோ காந்தத்தாலோ கடக்கும் தரவு. குறுக்கே ஒரு செப்புத் தடமும் போகக்கூடாது.

சந்தேகமென்றால் அதே நீரை ஒரு பிளாஸ்டிக் கோப்பையில் மொண்டு வரம்பில் வைத்து அளந்து பார்க்கலாம். கோப்பையில் சரியாகக் காட்டி, குளத்தில் மோட்டார் ஓடும்போது எண் துள்ளினால், மாற்ற வேண்டியது மின்வாயை அல்ல.