பார்வைக் கௌதாரி

இங்கிலாந்தில் ஆண்டுதோறும் கோடிக்கணக்கான ஃபெசன்ட் பறவைகளை வளர்த்துத் திறந்துவிடுகிறார்கள், சுடுவதற்கென்றே. எங்கட பக்கத்து வழக்கம் வேற. இங்க வளர்த்த பறவை சாகிறதில்லை, மற்றதைச் சாகக் கூப்பிடும். அதற்குப் பெயர் ‘பார்வை’. பழக்கிய ஆண் கௌதாரியைக் கூட்டோடு பற்றைக்குள் வைத்தால் அது கத்தும். தன்ர எல்லைக்குள்ள ஆரோ வந்திட்டான் என்று காட்டுக் கௌதாரி சண்டைக்கு ஓடிவந்து கண்ணியில் மாட்டும். புறநானூற்றிலேயே பார்வையாக வைத்த பெண்மான் வருகிறது. தந்திரம் அவ்வளவு பழசு.

1990இல் சனம் இடம்பெயர்ந்த காங்கேசன்துறையில், விடுவிக்கப்பட்ட காணிகளில் இப்ப பற்றை வெட்டுறம். கௌதாரி முட்டையிடுவது நிலத்தில். இலங்கையில் அது வாழ்வதும் வடக்கு, வடமேற்குக் கரையோர வறண்ட நிலத்தில்தான். ஒரு குஞ்சைப் பிடித்து வளர்த்தால் என்ன எண்டு கேட்கிற தம்பிமாரோட எங்களுக்கு இன்னும் வாக்குவாதம்.