நினைவின் இருப்பிடம்



நான் ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியேற்ற முதல் ஆண்டில், பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு மாணவன் வலிப்புக் கண்டு கீழே விழுந்தான். யாரோ ஓடிவந்து ஒரு சாவிக்கொத்தை அவன் கையில் திணித்தார்கள். இரும்பைப் பிடித்தால் காக்கை வலிப்பு நிற்கும் என்பது ஊர் நம்பிக்கை. அதனால் யாதொரு பயனும் இல்லை என்பதையும், ஒருக்களித்துப் படுக்க வைப்பதே முறை என்பதையும் நான் அன்று அறியேன். சில நிமிஷங்களில் வலிப்பு தானே அடங்கியது. கண் விழித்த பையன், "என்ன நடந்தது, ஸார்?" என்று கேட்டான். இடையில் கழிந்த நேரம் அவன் நினைவில் இல்லை. வலிப்புக்கும் நினைவுக்கும் என்ன உறவு என்று அன்று என் மனத்தில் எழுந்த கேள்விக்கு விடை தரும் சரித்திரத்தையே இப்போது சொல்லப் போகிறேன்.

வலிப்பு தெய்வத்தின் சீற்றம் அன்று, மூளையில் தோன்றும் நோயே என்று கிரேக்க மருத்துவ நூலொன்று சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன்பே கூறிவிட்டது. ஆயினும் மூளையின் எப்பகுதியில் அது தோன்றுகிறது என்பதை ஆராயும் வழி பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் பிறந்தது. லண்டனில் ஹ்யூலிங்ஸ் ஜாக்ஸன் என்னும் மருத்துவர், வலிப்பு உடலின் எந்த உறுப்பில் தொடங்கி எவ்வாறு பரவுகிறது என்பதைக் கூர்ந்து நோக்கி, மூளையில் பழுதுற்ற இடத்தை ஊகித்தார். 1886-இல் விக்டர் ஹார்ஸ்லி அவ்வழியைப் பின்பற்றி ரண சிகிச்சை செய்தார். 1929-இல் ஜெர்மானியரான ஹான்ஸ் பெர்கர், மனித மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் முறையை வெளியிட்டார். இடமறிந்து சிகிச்சை செய்ய இது பெருந்துணையாயிற்று.

கனடாவின் மான்ட்ரீல் நகரில் 1934-இல் நரம்பியல் நிலையத்தை நிறுவிய வைல்டர் பென்ஃபீல்ட், நோயாளி விழித்திருக்கும்போதே மூளையின் மேற்பரப்பை மெல்லிய மின்சாரத்தால் தொட்டுப் பார்ப்பார். பேச்சுக்குரிய இடத்தையும் அசைவுக்குரிய இடத்தையும் தெரிந்துகொண்டு, அவற்றை விலக்கியே கத்தி வைப்பார். அங்கே பயிற்சி பெற்ற ஜேக்கப் சாண்டிதான் 1949-இல் நம் வேலூரில் இந்தியாவின் முதல் மூளை ரண சிகிச்சைத் துறையைத் தொடங்கியவர்.

இவ்வளவு எச்சரிக்கையும் ஒரு சமயம் கைவிடப்பட்டது. அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்ற இளைஞர் சிறுவயது முதலே வலிப்பால் வருந்தினார். மருந்துகள் பயன் தரவில்லை. வேலையும் செய்ய இயலவில்லை. 1953-இல், அவருக்கு 27 வயதாகியிருந்தபோது, வில்லியம் ஸ்கோவில் என்பவர் ரண சிகிச்சை செய்தார். மின்னலைப் பதிவு குறிப்பிட்ட ஓர் இடத்தைக் காட்டவில்லை. ஆயினும் மூளையின் இருபுறத்திலும், பொட்டுப் பகுதியின் உட்புறத்தை அவர் அகற்றினார். கடற்குதிரை வடிவினதாகையால் ஹிப்போகாம்பஸ் எனப் பெயர் பெற்ற உறுப்பின் பெரும்பகுதியும் அதனுடன் போயிற்று.

வலிப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனால் புதிதாக எதையும் நினைவில் நிறுத்தும் ஆற்றல் அவரை விட்டு அகன்றது. மான்ட்ரீலிலிருந்து பிரெண்டா மில்னர் என்ற உளவியல் அறிஞர் 1955 ஏப்ரலில் வந்து அவரைச் சோதித்தார். இன்று என்ன தேதி என்று கேட்டதற்கு, 1953 மார்ச் என்றார். தம் வயது 27 என்றார். அறிவுத்திறன் மட்டும் குன்றவில்லை. அந்த அளவீடு முன்பு 104 ஆக இருந்தது, இப்போது 112. இளமை நினைவுகளும் அழியவில்லை. ஆகவே, அறிவு வேறு, நினைவு வேறு. பழைய நினைவைக் காப்பது வேறு, புதிய நினைவை ஆக்குவது வேறு என்பது புலனாயிற்று.

இதனினும் வியப்பானது மற்றொன்று. கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து, ஒரு நட்சத்திரத்தின் இரு கோடுகளுக்கு நடுவே பென்ஸிலால் வரையும்படி மில்னர் அவரிடம் கூறினார். அது எளிதன்று, நீங்கள் வீட்டில் செய்து பாருங்கள். மூன்று நாள் பயிற்சியில் மொலைசனின் கை தேர்ந்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு நாளும், இதை முன்பு செய்ததாகவே அவருக்கு நினைவில்லை! கைப்பழக்கத்தின் நினைவு மூளையில் வேறிடத்தில் குடியிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ?

ஸ்கோவில் தம் பிழையை மறைக்கவில்லை. 1957-இல் மில்னருடன் சேர்ந்து அனைத்தையும் வெளியிட்டு, இருபுறத்தையும் இவ்வாறு அகற்றலாகாது என்று மற்ற மருத்துவர்களை எச்சரித்தார். அதன் பயனை இன்றும் காண்கிறோம். மருந்துக்கு அடங்காத வலிப்புக்கு ரண சிகிச்சை செய்யுமுன், நோய் எப்புறம், பேச்சு எப்புறம், நினைவுக்கு எப்புறம் துணை என்பனவற்றை ஆராய்கிறார்கள்; பழுதுற்ற ஒரு புறத்தில் மட்டுமே கை வைக்கிறார்கள். அவ்வாறு செய்தும், பேச்சுக்குரிய புறமாயின் சொற்களை நினைவிற்கொள்ளும் திறன் சற்றுக் குறையக்கூடும். அதனை முன்கூட்டியே நோயாளிக்குச் சொல்லுதல் மருத்துவரின் கடமை.

மொலைசன் 2008-இல் தமது 82-ஆம் வயதில் மறைந்தார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அறிஞர்களின் சோதனைகளுக்குப் பொறுமையோடு உடன்பட்டார். அவர் வாழ்ந்தவரை உலகம் அவரை ஹெச். எம். என்னும் இரண்டு எழுத்துக்களாலேயே அறிந்திருந்தது. நாம் நினைவைப் பற்றி அறிந்தவற்றுள் பெரும்பகுதி, நினைவை இழந்த அம்மனிதர் தந்த கொடையாகும்.

என் மாணவன் அதன்பின் பள்ளிக்கு வரவில்லை. அருகில் அமரப் பிள்ளைகள் அஞ்சினர். பெற்றோரும் அவனை நிறுத்திவிட்டனர். அவன் வீடு சென்று அழைத்துவர அன்று எனக்குத் தோன்றவில்லை. உங்கள் வகுப்பில் அத்தகைய தோழன் ஒருவன் இருந்தால், அவன் கண் விழிக்கும்போது அருகில் இருங்கள். நடந்ததை அன்போடு சொல்லுங்கள். மறுநாளும் அவன் பக்கத்திலேயே உட்காருங்கள்.