பிழையான பெயர்: அனொரெக்சியாவின் கதை

அனொரெக்சியா கிரேக்கத்தில் இருந்து வந்த சொல். பசியின்மை என்பதுதான் அதன் பொருள். ஆனால் இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலானோருக்குப் பசி இருக்கிறது. நாள் முழுக்க அந்தப் பசியோடுதான் சண்டை பிடிக்கிறார்கள். சாப்பாட்டைத் தவிர வேறொன்றையும் யோசிக்க அவர்களுக்கு இடம் மிஞ்சுவதில்லை. அப்படியெண்டால் இப்படி ஒரு பெயர் எப்படி வந்தது? அந்தப் பெயருக்குள் யார் அடங்கினார்கள், யார் வெளியில் நின்றார்கள்? நாங்கள் இதில் தேடிப் பார்ப்பது அதைத்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எத்தனை கிலோ, எத்தனை கலோரி என்ற கணக்குகள் இந்தக் கட்டுரையில் இல்லை. இந்த நோயோடு இருக்கிற ஒருவரும் இதை வாசிக்கலாம். அந்த எண்கள் அவருக்கு ஒரு போட்டியாக மாறிவிடும்.

14ஆம் நூற்றாண்டு இத்தாலியில் இருந்து தொடங்கலாம். சியன்னா நகரத்துக் கத்தரீனாள் இளம் வயதிலிருந்தே கடுமையாக நோன்பிருந்தார். ஒரு கட்டத்தில் சாப்பிடச் சொன்னாலும் அவரால் முடியவில்லை. மற்றவர்களைப் போல உண்ணும் வரத்தைக் கடவுளிடம் கேட்பதாக ஒரு கடிதத்தில் எழுதினார். 1380இல், 33 வயதில், ரோமில் இறந்தார். 1461இல் திருச்சபை அவரைப் புனிதராக்கியது. 1985இல் ருடோல்ஃப் பெல் என்ற வரலாற்றாசிரியர் இதை ‘புனித அனொரெக்சியா’ என்றார். இரண்டு வருசம் கழித்து கரோலின் வோக்கர் பைனம் அதோடு உடன்படாமல் ஒரு நூல் எழுதினார். அந்தக் காலத்துப் பெண்களின் கையில் இருந்தது சாப்பாடு மட்டும்தான், அதனால் அதைத் துறப்பதற்குச் சமயத்துக்குள் தனி அர்த்தம் இருந்தது, இன்றைய நோயின் பெயரை அவர்கள் தலையில் கட்டக்கூடாது என்பது அவருடைய வாதம். எங்களுக்கு பைனம் சொல்வது கூடுதலாகச் சரியாகப் படுகிறது. ஒரே செயலை ஒவ்வொரு காலமும் தன் மொழியில்தான் வாசிக்கிறது.

வைத்தியத்தின் மொழியில் முதல் தெளிவான பதிவு 1689இல் வந்தது. லண்டன் வைத்தியர் ரிச்சர்ட் மோர்ட்டன் காசநோய் பற்றி எழுதிய நூலில், காய்ச்சலோ இருமலோ இல்லாமல் உருகிப்போகும் ஒரு நிலையைச் சொல்கிறார். கவலையும் மனத்துயரமும்தான் காரணம் என்று அவர் நினைத்தார். இரண்டு பேரை விவரிக்கிறார். ஒருத்தி 18 வயதுப் பெண், அவள் இறந்துபோனாள். மற்றவன் 16 வயதுப் பெடியன். இந்தப் பெடியனை ஞாபகம் வைத்திருங்கள். அடுத்த முந்நூறு வருசத்தில் அவனைப் போன்றவர்கள் அடிக்கடி காணாமல் போவார்கள்.

அடுத்தது 1869, வேல்ஸ் நாடு. சாரா ஜேக்கப் என்ற 12 வயதுச் சிறுமி ஒன்றுமே சாப்பிடாமல் உயிர் வாழ்கிறாள் என்று கதை பரவியது. சனம் திரண்டு வந்து பார்த்தது, காசும் பரிசும் வைத்துவிட்டுப் போனது. உண்மையா என்று சோதிக்க லண்டன் கைஸ் வைத்தியசாலையில் இருந்து நான்கு தாதியர் வந்தார்கள். பிள்ளை கேட்டால் கொடுக்கலாம், தாங்களாகக் கொடுக்கக்கூடாது என்பது அவர்களுக்கு இருந்த கட்டளை. இரவு பகலாக அவளைச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள். அவள் கேட்கவில்லை. காவல் தொடங்கி எட்டு நாளில், டிசம்பர் 17இல், இறந்தாள். தாயும் தகப்பனும் சிறைக்குப் போனார்கள். சோதனைக்கு ஏற்பாடு செய்த பெரிய மனிதர்களில் ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

வாசிக்கும்போது எங்களுக்குக் கோபம் வந்த இடம் இதுதான். ஒரு பக்கம் அவளை அற்புதமாகப் பார்த்தார்கள், மறுபக்கம் ஏமாற்றுக்காரியாகப் பார்த்தார்கள். வருத்தக்காரப் பிள்ளையாகப் பார்க்க அந்த வீட்டில் ஒருத்தரும் இருக்கேல்ல.

நாலு வருசம் கழித்து, 1873இல், நோய்க்குப் பெயர் வந்தது. அதே கைஸ் வைத்தியசாலையோடு நீண்டகாலத் தொடர்புள்ள வில்லியம் கல், ‘அனொரெக்சியா நெர்வோசா’ என்ற பெயரை முன்வைத்தார். அதே வருசம் பாரிஸில் சார்ள்ஸ் லசேக் என்பவர் இதை ஹிஸ்டீரியாவோடு சேர்த்து எழுதினார். ஹிஸ்டீரியா கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லில் இருந்து வந்தது. கல் அந்தச் சொல்லைத் தவிர்த்ததற்கு ஒரு காரணம் சொன்னார்: இந்த நோய் ஆண்களுக்கும் வருகிறது. ஆனால் பின்னால் வந்தவர்கள் அந்த வசனத்தைப் பெரிதாக எடுக்கவில்லை.

லசேக்கிடம் வேறொரு கெட்டித்தனம் இருந்தது. அவர் நோயாளியை மட்டும் பார்க்கவில்லை, வீட்டையும் பார்த்தார். குடும்பத்திடம் இருப்பது இரண்டே வழி, கெஞ்சுவது, இல்லாவிட்டால் வெருட்டுவது, இரண்டையும் தீருமட்டும் பாவித்துவிடுவார்கள் என்று எழுதினார். ‘எனக்காக ஒரு வாய் சாப்பிடு பிள்ளை’, ‘சாப்பிடாட்டி நான் செத்துப்போவன்’ என்ற இரண்டும் எங்கட வீடுகளிலும் கேட்கிற குரல்கள்தானே.

20ஆம் நூற்றாண்டில் ஒரு சுற்றுவழி. 1914இல் மோரிஸ் சிம்மண்ட்ஸ் என்ற ஜெர்மன் வைத்தியர் பிட்யூட்டரி சுரப்பி பழுதாவதால் உடல் மெலியும் ஒரு நோயை விவரித்தார். அதன் பிறகு பல வருசம் அனொரெக்சியாவும் அதுவும் குழம்பிக் கிடந்தன. மனத்தின் துயரத்துக்குச் சுரப்பியில் மருந்து தேடினார்கள்.

திருப்பம் எதிர்பாராத இடத்தில் இருந்து வந்தது. இரண்டாம் உலகப்போரின் கடைசியில், போருக்குப் போக மறுத்த 36 இளைஞர்கள் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஓர் ஆய்வுக்குச் சம்மதித்தார்கள். பட்டினியில் கிடந்த ஐரோப்பாவுக்கு எப்படிச் சாப்பாடு கொடுத்து மீட்பது என்று அறியத்தான் அந்த ஆய்வு. அன்செல் கீஸ் தலைமையில் 24 கிழமை அரைப்பட்டினி. நல்ல உடல்நலமும் மனநலமும் உள்ள ஆண்கள் என்று பார்த்துத்தான் தெரிவு செய்திருந்தார்கள். அவர்கள் எரிந்து விழுந்தார்கள், ஒதுங்கினார்கள், சோர்ந்தார்கள். சமையல் புத்தகங்களைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள், ஒரு கோப்பைச் சாப்பாட்டை மணிக்கணக்காக இழுத்தார்கள். நோயாளியின் ‘பிடிவாதம்’, ‘குணம்’ என்று இவ்வளவு காலம் சொன்னதில் பெரும்பகுதி, பட்டினி எந்த மூளைக்கும் செய்கிற வேலை என்று அதில் இருந்து விளங்கியது.

1970களில் ஹில்ட புரூக் நோயாளிகள் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டு எழுதினார். ஹிட்லர் காலத்தில் ஜெர்மனியை விட்டுத் தப்பிய யூதப் பெண் அவர். பிரச்சினை அழகு மட்டும் இல்லை, தன் வாழ்க்கையில் தனக்கு ஒரு பிடியும் இல்லை என்ற உணர்வு அடியில் இருக்கிறது என்றார். 1979இல் லண்டனில் ஜெரால்ட் ரஸல் ‘புலிமியா நெர்வோசா’வை விவரித்தார்: அளவுக்கு மிஞ்சிச் சாப்பிட்டு, பிறகு பயந்து அதை உடலில் இருந்து நீக்கப் பார்ப்பது. இதில் பலர் மெலிந்திருப்பதில்லை, அதனால் பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. 1983இல் அமெரிக்கப் பாடகி கரன் கார்ப்பென்டர் 32 வயதில் இறந்த பிறகுதான் சாதாரண சனத்துக்கு அனொரெக்சியா என்ற பெயரே பரவலாகத் தெரிந்தது.

பெயர் பரவினாலும் கதவு எல்லாருக்கும் திறக்கவில்லை. அமெரிக்க மனநல வைத்தியர்களின் கையேடு 1987இல் இருந்து, மாதவிடாய் நின்றிருப்பதைப் பெண்களுக்கு ஒரு நிபந்தனையாக வைத்திருந்தது. மிகவும் நலிந்தும் மாதவிடாய் நிற்காத பெண் அந்தக் கணக்கில் வரமாட்டாள். மோர்ட்டன் கண்ட பெடியனுக்கு அந்த அளவுகோலில் இடமே இல்லை. 2013இல்தான் அதை எடுத்தார்கள். கட்டுப்பாடில்லாமல் உண்ணும் கோளாறும் அந்த வருசம்தான் தனி நோயாக ஏற்கப்பட்டது.

இது மேற்கின் நோய் என்ற எண்ணமும் நிலைக்கவில்லை. ஹொங்கொங்கில் சிங் லீ என்ற மனநல வைத்தியர், மெலிந்துபோன நோயாளிகளில் பலர் கொழுத்துவிடுவோம் என்று பயப்படவே இல்லை எனக் கண்டார். வயிறு நிறைந்த மாதிரி இருக்கு, பசிக்கவில்லை என்றுதான் அவர்கள் சொன்னார்கள். பிஜியில் ஆன் பெக்கர் வேறொன்றைக் கண்டார். பருமனான உடலை மதித்த ஓர் ஊருக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. மூன்றே வருசத்தில் பாடசாலைப் பெண்பிள்ளைகள் மெலிவதற்காகத் தங்கள் உடலை வருத்தத் தொடங்கியிருந்தார்கள்.

எங்கட பக்கத்தில் ஒரு பிள்ளை சாப்பிடாமல் விட்டால் முதலில் வருகிற சொல் ‘காஸ்ட்ரிக்’. அடுத்தது விரதம், பிறகு சோதனைப் பயம், கடைசியில் காதல். எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் பெயர் பிந்தினால் வைத்தியமும் பிந்தும். இது உயிரை எடுக்கிற நோய், குணமாகக்கூடிய நோயும்தான். கனநாள் ஒழுங்காகச் சாப்பிடாத ஒருவருக்கு வீட்டில் திடீரென்று நிறையக் கொடுப்பதும் ஆபத்து என்பதால் வைத்தியரிடம் போவதுதான் முதல் வேலை. கதைக்க ஆள் வேண்டுமென்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கம் இருக்கிறது.

நண்பர்களாக நாங்கள் செய்யக்கூடியது சின்ன வேலைதான். ‘நல்லா மெலிஞ்சிட்டீர்’ என்பதைப் பாராட்டாகவும், ‘என்ன இப்பிடி ஊதிட்டாய்’ என்பதைப் பகிடியாகவும் சொல்வதை நிறுத்தலாம். கன்டீனுக்கு வராமல் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு சாட்டுச் சொல்கிற ஆளிடம், அது பெடியனாக இருந்தாலும், தனியாகக் கேட்கலாம். சாப்பிட்டியா என்று கேட்க வேண்டாம், அதை வீட்டில் போதுமான அளவு கேட்டிருப்பார்கள். என்ன நடக்குது உனக்கு என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரைக்கும் பக்கத்தில் இருக்கலாம்.