பால் வெட்டிய கைக்கு ஒரு பலகை

ஜொகூர்த் தோட்டங்களின் லயத்து வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அவ்வீடுகளின் சுவர்கள் நன்கு நினைவிருக்கும். பலகைச் சுவரில் ஒரு தெய்வப் படம். அதன் பக்கத்தில் கடைக்காரர் இனாமாகக் கொடுத்த நாட்காட்டி. அதற்கப்பால் ஒரு தலைவர் படம், அல்லது சினிமா நடிகர் படம். பெரும்பாலான குடும்பங்களுக்கு இதுவே சித்திரசாலை. ரவி வர்மா 1894இல் பம்பாயில் அச்சுக்கூடம் நிறுவி, தம் சித்திரங்களைப் பிரதி செய்து விற்கத் தொடங்கியதிலிருந்து ஏழை வீட்டுக்கும் படம் வந்து சேரும் வழி அகலமாயிற்று. சிவகாசியும் பின்னர் அவ்வழியே நடந்தது. இதனைக் குறை கூற நாம் முன்வரவில்லை. ஏழை வீட்டிலும் படம் இருக்கத்தான் வேண்டும். நாம் கேட்பது வேறு. விடியுமுன் எழுந்து, பெரட்டில் பெயர் கொடுத்து, நெற்றி விளக்குடன் பால்மர நிரைக்குள் நுழைந்த தாயின் உருவம் அச்சுவர்களில் எங்கே இருந்தது? அதனைத் தீட்ட வேண்டியவர் பிறரா, நாமா?

இக்கேள்விக்கு விடை தேடுவோருக்கு மரப்பலகை அச்சுச் சித்திரத்தின் வரலாறு மிகவும் உதவும் என்பது நமது அபிப்பிராயம். ஏனெனில் அது அரண்மனையில் வளர்ந்த கலையன்று. வேலை முடிந்த நேரத்தில், நண்பர் சிலர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து வளர்த்த கலையாகும்.

அதன் முறை மிக எளிது. ஒரு பலகையை இழைத்து வழவழப்பாக்கி, அதன்மீது படத்தை எழுதிக்கொள்ள வேண்டும். வெண்மையாக இருக்கவேண்டிய இடங்களைக் கத்தியாலும் சிற்றுளியாலும் செதுக்கி எடுத்துவிட வேண்டும். எஞ்சி மேடாக நிற்பதன்மேல் உருளையால் மையைப் பூசி, தாளை வைத்து, ஒரு மரக்கரண்டியின் பின்புறத்தால் தேய்த்தால் படம் தாளில் இறங்கிவிடும். படம் இடம் வலம் மாறி விழும். ஆதலின் எழுத்தை வெட்டுபவர் அதனைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பியே வெட்ட வேண்டும். எண்ணெய்ச் சாயமும் சீலையும் வாங்க இயலாதவனுக்கும் ஒரு பலகை கிடைக்கும். எண்ணெய்ச் சித்திரம் ஒன்றே ஒன்றாக ஒருவர் வீட்டில் தொங்கும். பலகைச் சித்திரமோ நூறு வீடுகளுக்குப் போகும்.

இக்கலை மிகப் பழையது. தேதி குறிக்கப்பெற்ற அச்சு நூல்களுள் மிகப் பழமையானதென்று அறியப்பட்ட சீன பௌத்த நூலாகிய வஜ்ர சூத்திரம், 868ஆம் ஆண்டில் மரப்பலகைகளால் அச்சிடப்பட்டது. அதன் முகப்பில் ஒரு சித்திரமும் உண்டு. நம்மவர்க்கும் இது அந்நியமன்று. சீட்டித் துணிகளில் பூவும் கொடியும் பதித்த அச்சுக்கட்டைகள் தமிழ்நாட்டில் நெடுங்காலம் வழங்கின. சென்னையின் தெருக்களில் விற்ற மலிவுக் கதைப்பாட்டுப் புத்தகங்களிலும் கட்டையில் செதுக்கிய படங்களே இருந்தன. ஆனால் அவற்றைச் செதுக்கிய கைகளுக்கு உரியவர்களின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. மூளையால் செய்வது மேலான வேலை, கையால் செய்வது கீழான வேலை என்று பிரித்து, கையால் செய்தவனைக் கீழே இருத்திய நமது சமூக வழக்கத்துக்கு இதுவும் ஒரு சான்றாகும்.

இப்பிரிவு நம்மிடம் மட்டும் இருந்ததன்று. ஜப்பானில் பலகைச் சித்திரம் பெரும் புகழ் பெற்றிருந்த காலத்தில் எழுதுபவர் ஒருவர், செதுக்குபவர் ஒருவர், அச்சிடுபவர் ஒருவர், முதல் போட்டு விற்பவர் ஒருவர் என்று தொழில் பிரிக்கப்பட்டிருந்தது. 1831ஆம் ஆண்டளவில் வெளிவந்து உலகப் புகழ் பெற்ற பேரலைச் சித்திரத்தை ஹொக்குசாய் எழுதினார் என்பதை எல்லோரும் அறிவர். செதுக்கியவர் இன்னாரென்று கேட்பார் இல்லை. இவ்வழக்கத்தை உடைத்தவர்களுள் முதல்வர் யமமோட்டோ கனாயே என்னும் இளைஞர். 1904இல் அவர் ஒரு மீனவனின் உருவத்தைத் தாமே எழுதி, தாமே செதுக்கி, தாமே அச்சிட்டு வெளியிட்டார். பார்வைக்கு அது ஒரு சிறு படந்தான். ஆயினும் எண்ணுகிற தலையும் செய்கிற கையும் ஒருவனிடமே கூடலாம் என்பதை அது நாட்டவர்க்கு அறிவித்தது.

இப்புதுமுறையைப் பின்பற்றியவர்களுக்கு அதனால் ஜீவனம் நடக்கவில்லை. பலருக்கு வேறு வேலை இருந்தது. ஓய்வு நேரத்திலேயே செதுக்கினர். 1939 முதல் டோக்கியோவில் ஓன்ச்சி கோஷிரோ என்பவரின் வீட்டில் மாதந்தோறும் முதல் வியாழக்கிழமையன்று அவர்கள் கூடினர். அதனால் அக்கூட்டத்துக்கு ‘முதல் வியாழன் சங்கம்’ என்றே பெயராயிற்று. தாம் செய்த படங்களை ஒருவர்க்கொருவர் காட்டி, குறை நிறை பேசினர். 1944 முதல் 1950 வரை உறுப்பினர்களின் படங்களைத் தொகுத்து, தொகுதிகளாகவும் வெளியிட்டனர். யுத்த காலத்தில் தாளும் மையும் அருமையாயிருந்தபோதும் அவர்கள் கூடுவதை விடவில்லை. தனியொருவனாக இருந்தால் சோர்ந்து விட்டுவிடக்கூடிய காரியத்தை, கூட்டம் விடவொட்டாமல் காத்தது.

சீனத்தில் நடந்தது இதனினும் நமக்கு நெருங்கியது. எழுத்தாளர் லூ சுன் தாமே சித்திரக்காரர் அல்லர். ஆயினும் எழுதப் படிக்கத் தெரியாத கோடிக்கணக்கான மக்களிடம் பேசுவதற்குப் பலகைச் சித்திரமே ஏற்றதென்று அவர் கண்டார். 1931 ஆகஸ்டில் ஷாங்காயில் ஆறு நாள் வகுப்பொன்றை ஏற்பாடு செய்தார். வகுப்பை நடத்தியவர் உச்சியாமா காக்கிச்சி என்னும் ஜப்பானிய ஆசிரியர், மொழிபெயர்த்தவர் லூ சுன், மாணவர் பதின்மூவர். ஆறு நாள், பதின்மூன்று பேர்! இவ்வளவே வித்து. ஜெர்மனியில் தன் மகனை 1914இல் யுத்தத்துக்குப் பறிகொடுத்துவிட்டு, தாய்மாரின் துயரத்தை மரத்தில் செதுக்கிய கேத்தே கொல்விட்ஸ் அம்மையாரின் படங்களையும் லூ சுன் தருவித்து, 1936இல் ஒரு நூலாகப் பதிப்பித்தார். அதிகாரிகள் இக்கலையைச் சாதாரணமாக எண்ணவில்லை. 1932இலேயே இளஞ்சித்திரக்காரர் சிலர் சிறை புகுந்தனர். ஆயினும் கத்தி பலகையை விட்டு எழவில்லை.

அவ்வித்து கடல் கடந்து நமது பக்கத்திலும் முளைத்தது. 1938இல் சிங்கப்பூரில் லிம் ஹாக் தாய் என்பவர் நன்யாங் நுண்கலைக் கழகத்தை நிறுவினார். ஜொகூர்ப் பாலம் 1924இல் திறக்கப்பட்ட பின்னர் ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் இடையே தூரம் இல்லையென்றே சொல்லலாம். அவ்வளவு அருகில் இக்கலை வளர்ந்தது. 1954 மே 13இல் சீனப் பள்ளி மாணவர்களுக்கும் போலீசாருக்கும் நேர்ந்த மோதலை சூ கெங் குவாங் பலகையில் செதுக்கினார். 1961இல் புக்கிட் ஹோ சுவீ குடிசைப் பகுதி தீப்பற்றி எரிந்து, சுமார் 16,000 பேர் வீடிழந்தனர். எரிந்த இடத்தின் தோற்றத்தை லிம் இயூ குவான் பின்னர் மரத்தில் வெட்டிவைத்தார். 1966இல் இவ்விருவரும், லிம் மு ஹுவே, ஃபூ சீ சான், டான் டீ சீ, சீ சீன் டீ ஆகிய நால்வரும் சேர்ந்து, பலகைச் சித்திரங்களுக்கென்றே ‘அறுவர் காட்சி’ நடத்தினர். இவர்களுள் பலர் ஆசிரியர்கள். வேறு வகைச் சித்திரங்களும் தீட்டியவர்கள். பலகைச் சித்திரத்தால் பணம் சேராதென்பதை அறிந்தே, நட்பினாலும் ஆசையினாலும் அதனைச் செய்தனர். இன்று அக்காலத்துச் சிங்கப்பூர்ச் சாமானியர் எப்படி வாழ்ந்தனர் என்று அறிய விரும்புவோர் அப்படங்களையும் தேடிப் பார்க்கின்றனர்.

‘அவர்கள் நகரத்தார், தோட்டத் தொழிலாளிக்கு இதில் என்ன?’ என்று சிலர் கேட்கக்கூடும். வங்காளத்து சோம்நாத் ஹோர் அவர்களுக்கு விடை அளிப்பார். 1946இல், விளைச்சலில் மூன்றில் இரு பங்கு தமக்கு வேண்டுமென்று குத்தகை விவசாயிகள் கிளர்ந்தெழுந்த தெபாகா போராட்டத்தை நேரில் கண்டு, அவர் நாட்குறிப்பு எழுதி, படங்கள் வரைந்து, அவற்றிலிருந்து பலகைச் சித்திரங்கள் செதுக்கினார். 1947இல் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்று, அங்குள்ள தொழிலாளரையும் அவ்வாறே குறித்துவைத்தார். தோட்டக் கூலியின் முகம் சித்திரத்துக்குத் தகுதியற்றதன்று என்பது அங்கே மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது.

நமது மலேசியாவிலேயே, சபாவின் ரானாவ் என்னும் ஊரில், 2010இல் தோன்றிய ‘பங்ரோக் சுலாப்’ என்னும் குழுவினர் இதனை இன்னும் ஒரு படி மேலே கொண்டுசென்றனர். ‘சுலாப்’ என்பது வயலில் உழவர் இளைப்பாறும் குடிசைக்குப் பெயர். இந்தோனேசியாவின் மார்ஜினால் என்னும் இசைக் குழுவினரிடம் பலகை செதுக்கக் கற்ற இவர்கள், ஆளுயரத்துக்கு மேற்பட்ட பலகையைப் பலராகச் சுற்றியமர்ந்து செதுக்கினர். துணியைப் பலகைமேல் விரித்து, இசைக்கேற்பக் காலால் மிதித்து அச்சிட்டனர். படத்தின்கீழ் தனி மனிதர் பெயர் இராது. குழுவின் பெயரே இருக்கும். ‘வாங்காதே, நீயே செய்’ என்பது அவர்கள் வாசகம். 2017இல் கோலாலம்பூர்க் காட்சியொன்றில் வைக்கப்பட்ட அவர்களின் சபா பற்றிய படமொன்று, புகார் வந்ததன்பேரில் அகற்றப்பட்டது. அகற்றியதால் அதன் புகழ் பெருகிற்றேயன்றிக் குறையவில்லை.

இனி நம்மிடம் வருவோம். ‘நமக்கு ஓய்வேது?’ என்பது முதல் ஆட்சேபம். பாசிர் கூடாங்கிலும் செனாயிலும் ஆலைகளில் முறை மாறி வேலை செய்வோரும், இருள் பிரியுமுன் பாலம் கடந்து சிங்கப்பூருக்குச் செல்வோரும் அவ்வாறு சொல்வதில் நியாயமுண்டு. ஆனால் டோக்கியோச் சங்கத்தார் கேட்டது மாதத்துக்கு ஒரு மாலை மட்டுமே என்பதை மறக்கலாகாது. ‘நமக்குக் கைத்திறன் ஏது?’ என்பது இரண்டாவது ஆட்சேபம். இதனை நாம் ஒப்பவே மாட்டோம். பால்மரத்தின் பட்டையை மெல்லிய சீவலாகச் சரிவாக வெட்டி, உள்ளே மரம் வளரும் இளந்தோலைத் தொடாமல், ஒரு மில்லிமீட்டர் அளவு விட்டு நிறுத்தியது யார் கை? கத்தி சற்றே ஆழப் பட்டால் மரம் காயப்பட்டு முண்டு கட்டிவிடும். மேலாகப் பட்டால் பால் குறையும். அரை இருட்டில் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான மரங்களில் இதனைப் பிழையின்றிச் செய்தவர்கள் நம் தாய்மாரும் தந்தைமாரும். செதுக்குக்கலையின் முதற்பாடமே கத்தியின் ஆழத்தை அடக்குவதுதான். அப்பாடத்தை நமது முன்னோர் தலைமுறை தலைமுறையாகக் கற்றிருந்தனர்.

பலகைக்கும் அலைய வேண்டியதில்லை. பால் வற்றிய ரப்பர் மரம், வெட்டி எரிக்கும் விறகென்றே முன்பு கருதப்பட்டது. இன்று அதே மரத்தால் நாற்காலியும் மேசையும் செய்து உலகெங்கும் அனுப்புகின்றனர். அத்தொழிலுக்குப் பெயர்போன ஊர் ஜொகூரின் மூவார். அம்மரத்தூளை அழுத்திச் செய்த பலகைகள் கடைதோறும் கிடைக்கின்றன. பலகைச் சித்திரக்காரர் பலர் இன்று அத்தகைய அழுத்துப் பலகைகளையே செதுக்குகின்றனர். பாட்டி பால் வெட்டிய மரத்தின்மீதே பேத்தி அவள் முகத்தைச் செதுக்க இயலும்.

இதற்கு அவசரம் உண்டு என்பதை ஓர் உதாரணத்தால் சொல்வோம். 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாம்–பர்மா ரயில் பாதை போட்டபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டுபோகப்பட்டனர். அங்கே வேலை செய்த நேச நாட்டுப் போர்க் கைதிகளில் சுமார் 12,000 பேர் மாண்டனர்; ஆசியத் தொழிலாளரில் மாண்டவர் தொகை அதனினும் பன்மடங்கு. ஆயினும் அந்தப் பாதையின் கொடுமையை நினைத்தவுடன் உலகத்தார் கண்முன் வருவன ரோனால்டு சேர்ல், ஜாக் சாக்கர் முதலிய கைதிகள் கிடைத்த தாள்களில் ஒளித்து வரைந்த படங்களே. அவர்கள் வரைந்தது நன்றே. அவர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் அங்கே சென்ற தமிழர் ஒருவர் தம் கையால் வரைந்த படம் ஒன்றையேனும் நாம் கண்டதில்லை. வரையாதவன் துயரம் சிறியதன்று. எனினும் அது கண்ணில் படாமலே போய்விடுகிறது.

தோட்டங்களுக்கும் அதே கதி நேர்ந்துகொண்டிருக்கிறது. ரப்பர் நின்ற இடங்களில் செம்பனையும், வீடமைப்பும், நெடுஞ்சாலையும் வந்துவிட்டன. பல இடங்களில் லயங்கள் இடிக்கப்பட்டன. பெரட்டு நடந்த இடம் எது, ஆலமரத்தடிக் கோயில் இருந்த இடம் எது என்று காட்டக்கூடிய முதியோர் இன்னும் சில ஆண்டுகளே இருப்பர். அவர்கள் சொல்ல, இளையோர் செதுக்க வேண்டும்.

ஆதலின் ஜொகூரில் தமிழ்ப் பள்ளி, வாசகசாலை, சங்கம் எதுவாயினும், ஆணும் பெண்ணுமாக நாலைந்து பேர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி, ஒரு பலகையில் தொடங்குவார்களாக. கத்தி உடம்பை விட்டு விலகியே செல்ல வேண்டும், மறு கை எப்பொழுதும் கத்திக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்ற இரண்டு விதிகளை முதலிற் சொல்லிக்கொடுத்து, ஒவ்வொருவரும் தம் பெயரைத் திருப்பி வெட்டிப் பழகட்டும். அடுத்த மாதம் ஒரு மங்கு, ஒரு வாளி. அதற்கடுத்த மாதம் ஒரு முகம். செதுக்கியதில் ஆளுக்கொரு பிரதி எடுத்துக்கொண்டு, ஒன்றை அம்முகத்துக்குரிய முதியவரின் வீட்டுச் சுவரில் மாட்டிவிட்டு வரட்டும். அச்சுவரில் நாட்காட்டியும் இருக்கட்டும். அதன் பக்கத்தில் இதற்கும் ஓர் ஆணி அடிக்கலாம்.