எழுவான்கரை, படுவான்கரை

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரை எழுவான்கரை. மேற்குக் கரை படுவான்கரை. ஞாயிறு எழும் பக்கம் எழுவான், படும் பக்கம் படுவான். மறைதல் என்னும் பொருளில் 'படுதல்' சங்கப் பாடல்களிலேயே உண்டு. அந்தப் பழம்பொருளை உழவரும் மீனவரும் இன்றுவரை நாவில் காத்து வந்திருப்பது பெருமைக்குரியது. காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி முதலியவை கடலோர எழுவான்கரையில் உள்ளன. கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி, வவுணதீவு ஆகியவை வயல் சூழ்ந்த படுவான்கரை ஊர்கள். திசையோடு வாழ்க்கை முறையையும் சேர்த்துச் சுட்டுவதால் இவ்விரு பெயர்களுக்கும் ஈடான சொல் இல்லை. 2014இல் திறக்கப்பட்ட மண்முனைப் பாலம் இரு கரைகளையும் இணைக்கிறது. ஆனால் படுவான்கரைப் பிரதேச செயலகங்கள் அச்சொல் இன்றி 'மண்முனை மேற்கு', 'மண்முனை தென்மேற்கு' போன்ற பெயர்களையே பெற்றுள்ளன. பாடநூல்களிலும் பெயர்ப்பலகைகளிலும் எழுவான்கரை, படுவான்கரை என்னும் இரு வட்டாரச் சொற்களும் இடம்பெற வேண்டும்.