தமிழில் இசை, திரைப்பட விமர்சனம்: தொடக்க வரலாறு

காஞ்சிபுரத்தின் தென்மேற்கே, வேகவதி ஆற்றின் கரையில் அமைந்த சிற்றூர் திருப்பருத்திக்குன்றம். சமணர் வாழ்ந்த பகுதி என்பதால் ஜினகாஞ்சி என்றும் பெயர் பெற்றது. இங்குள்ள திரைலோக்கியநாதர் கோயிலின் முன்புறம் சங்கீத மண்டபம் ஒன்று உள்ளது. விஜயநகர மன்னர் இரண்டாம் ஹரிஹரரின் அமைச்சரும் தண்டநாயகருமான இருகப்பர், தம் ஆசிரியர் புஷ்பசேனரின் விருப்பப்படி 1387-88-ல் இதைக் கட்டினார் எனக் கல்வெட்டு கூறுகிறது. மண்டபத்தின் மேற்கூரையில் ரிஷபர், வர்த்தமானர், நேமிநாதர் ஆகிய தீர்த்தங்கரர்களின் வாழ்க்கை வரிசை வரிசையாகத் தீட்டப்பட்டுள்ளது. ஓவியங்களின் கீழே காட்சியை விளக்கும் சிறு எழுத்துக்குறிப்புகளும் உள்ளன. ஒரு கதை, அதற்குப் படங்கள், படத்தின் கீழே விளக்கம், அதே கூரையின் கீழ் இசை. இவற்றுக்கு நுழைவுச்சீட்டு கிடையாது.

சீட்டு இல்லாத இடத்தில் விமர்சகருக்கு வேலை இல்லை. கோயிலிலும் அரண்மனையிலும் கலைஞரை ஆதரித்தவர் ஒருவர், கேட்டவர் வேறொருவர். கேட்டவருக்குச் செலவு இல்லை. 'கொடுத்த காசுக்குத் தகுமா?' என்ற கேள்வி எழ வேண்டுமென்றால் முதலில் காசு கொடுக்க வேண்டும். அந்தக் கேள்வி தமிழ்நாட்டில் சபாக்களோடும் திரையரங்குகளோடும் வந்தது.

விமர்சனத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. அது பின்னால்தான் தெரியவரும். திருப்பருத்திக்குன்றத்து ஓவியங்களின் வண்ணம் பல இடங்களில் உதிர்ந்துவிட்டது. விஜயநகர காலத்துப் பழைய ஓவியத்தின்மேல் 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் புதிதாகத் தீட்டிய பகுதிகளும் உள்ளன. டி.என். ராமச்சந்திரன் இக்கோயிலைப் பற்றி எழுதி, சென்னை அரசு அருங்காட்சியகம் 1934-ல் வெளியிட்ட நூல், ஓவியங்களைக் காட்சி காட்சியாக விவரிக்கிறது. சுவரில் மங்கிப்போனதை இன்று அந்த நூலைக் கொண்டே படிக்க முடிகிறது. இசைக்கும் திரைப்படத்துக்கும் நேர்ந்தது இதுவே. பொருள் அழிந்தபின் எஞ்சுவது அதைப் பற்றி ஒருவர் எழுதிய வரிகள். அப்படியானால் எழுதியவர் யாரிடம் கடன்பட்டிருந்தார் என்பது பின்வரும் தலைமுறைக்கு முக்கியமாகிறது.

சபாவும் பாடகரும்

சென்னையில் பார்த்தசாரதி சுவாமி சபா 1900-ஐ ஒட்டித் தொடங்கியது. 1927-ல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டையொட்டி நடந்த இசை மாநாட்டின் விளைவாக 1928-ல் மியூசிக் அகாடமி தோன்றியது. சந்தா செலுத்தியோ சீட்டு வாங்கியோ உள்ளே வந்த ரசிகர்கள் ஓர் எதிர்பார்ப்போடு வந்தார்கள். அந்த எதிர்பார்ப்பு நிறைவேறியதா என்பதை மறுநாள் பேசினார்கள், மறுவாரம் அச்சில் படித்தார்கள்.

அந்தக் காலத்தின் பெரும் பாடகர்களில் ஒருவர் காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை (1889-1934). இயற்பெயர் சுப்பிரமணிய பிள்ளை. தாளக்கணக்கில் அவருக்கு நிகரில்லை என்று பெயர். மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் எனப் பக்கவாத்தியங்கள் அணிவகுக்கும் 'ஃபுல் பெஞ்ச்' கச்சேரிகளால் புகழ்பெற்றவர். காஞ்சிபுரத்தில் ஆண்டுதோறும் தியாகராஜர் உற்சவம் நடத்தினார். காஞ்சிபுரத்தில் பிறந்த டி.கே. பட்டம்மாள் சிறுமியாக அவர் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்.

நாயனாப் பிள்ளை கிராமபோன் தட்டுக்குப் பாடியதில்லை. அவருடைய சிற்றன்னை தனகோடி அம்மாள் அத்துறையின் தொடக்கத்திலேயே தட்டுகளில் பாடியவர். ஒரே குடும்பம், ஒரே ஊர்; ஒருவர் குரலை இன்றும் கேட்கலாம், மற்றவர் குரல் போய்விட்டது. நாயனாப் பிள்ளையின் லயத்தைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை போன்ற சீடர்கள் வழியாகவும், கேட்டவர்கள் சொன்னதும் எழுதியதும் வழியாகவும் வந்ததே. அவை பெரும்பாலும் பக்தியோடு சொல்லப்பட்டவை. குறை கண்ட ஒருவர் சரியாக எழுதி வைத்திருந்தால் அந்தக் கச்சேரியை நாம் இன்னும் தெளிவாகக் கேட்டிருக்கலாம்.

'கர்நாடகம்'

குறை காணும் எழுத்தைத் தமிழில் எல்லோரும் விரும்பிப் படிக்கும்படி செய்தவர் கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி (1899-1954). 1928-ல் எஸ்.எஸ். வாசன் வாங்கி நடத்திய ஆனந்த விகடனில் 'ஆடல் பாடல்' பகுதியை 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் எழுதினார். கர்நாடகம் என்றால் இசையும்தான், பழைய பழக்கத்தை விடாத ஆசாமியும்தான். விமர்சகர் தன்னையே முதலில் கேலி செய்துகொண்டு உட்காருவதால், பிறகு வித்துவானைக் கேலி செய்வதற்கு உரிமை கிடைத்துவிடுகிறது. ராக இலக்கணம் அறியாத வாசகரும் கச்சேரி எப்படியிருந்தது என்று புரிந்துகொள்ளும் நடையை அவர் உருவாக்கினார். சாஸ்திரம் தெரிந்தவர்கள் இதை விரும்பவில்லை. ஆனால் சீட்டு வாங்கியவர்களில் பெரும்பாலோர் சாஸ்திரம் தெரியாதவர்கள்.

கல்கி நடுநிலையாளர் அல்லர். தமிழ்ப் பாட்டுகள் மேடையில் இடம்பெற வேண்டும் என்ற கட்சியைச் சேர்ந்தவர். 1940-களின் தமிழிசை இயக்கத்தில் வெளிப்படையாகவே நின்றார். இந்தச் சாய்வு அவர் எழுத்திலேயே தெரிவதால் பிற்கால வாசகருக்குச் சிக்கலில்லை; அதைக் கழித்துவிட்டுப் படிக்கலாம். வெளியே தெரியாத சாய்வுதான் கடினம். அது திரைப்படத்தோடு வந்தது.

தொலைந்த படமும் எஞ்சிய குறிப்பும்

முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரல் அரங்கில் வெளியானது. எச்.எம். ரெட்டி இயக்கிய இப்படத்தில் நாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழிலும், நாயகன் பி.ஜி. வெங்கடேசன் தெலுங்கிலும் பேசினார்கள். காளிதாசன் கதைக்குத் தொடர்பில்லாத தியாகராஜர் கீர்த்தனைகளும் தேசியப் பாடல்களும் இடம்பெற்றன. படம் வெளிவருமுன்பே சுதேசமித்திரனில் அதைப் பற்றிய குறிப்பு வந்துவிட்டது. படத்தைப் பாராமல் எழுதும் முன்னறிவிப்புக்கும் விளம்பரத்துக்கும் இடையே அதிக தூரமில்லை.

'காளிதாஸ்' படத்தின் பிரதி எதுவும் இன்று கிடைக்கவில்லை. அதற்கும் முன்னால் ஆர். நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்' என்ற மௌனப்படமும் அப்படியே. அக்காலப் படங்களின் வரலாற்றை எழுதுவோர் பத்திரிகைக் குறிப்பு, விளம்பரம், தணிக்கைக் கோப்பு, அரங்க வாசலில் விற்ற பாட்டுப்புத்தகம் ஆகியவற்றையே நம்ப வேண்டியுள்ளது. பாட்டுப்புத்தகமோ கதையைப் பாதியில் நிறுத்தி, மீதியை வெள்ளித்திரையில் காணச் சொல்லிவிடும். படம் நன்றாக இருந்ததா என்ற கேள்விக்கு இவற்றில் விமர்சனம் ஒன்றே விடை தரக்கூடியது.

தியாகபூமி: இலவசமாகக் காட்டிய படம்

1939-ல் கே. சுப்பிரமணியம் இயக்கிய 'தியாகபூமி' இந்த வரலாற்றில் மிகச் சுவையான இடம். கதை கல்கியுடையது. படம் தயாராகும்போதே கதை ஆனந்த விகடனில் தொடராக வந்தது; ஓவியருக்குப் பதிலாகப் படத்தின் நிழற்படங்களே தொடரை அலங்கரித்தன. விநியோக உரிமையை வாங்கியவர் விகடன் உரிமையாளர் வாசன். ஆக, தமிழகம் மிகவும் நம்பிய விமர்சகரே கதாசிரியர், அவர் எழுதும் பத்திரிகையின் உரிமையாளரே விநியோகஸ்தர், அந்தப் பத்திரிகையின் பக்கங்களே விளம்பரப் பலகை. வாரந்தோறும் தொடரைப் படித்த வாசகர் படத்துக்குள் பாதி நுழைந்தபடியேதான் அரங்குக்குப் போனார்.

படத்தில் பாபநாசம் சிவன் சம்பு சாஸ்திரியாக நடித்தார். பட்டம்மாள் பின்னணியில் தேசபக்திப் பாடல் பாடினார். தீண்டாமை எதிர்ப்பு, காந்தியம், கணவனைவிட்டுப் பிரிந்து வாழத் துணியும் பெண் என்று படம் பேசிய பொருள்கள் பலரை இழுத்தன, சிலரை உறுத்தின. பல வாரம் ஓடிய பின் 1940-ல் பிரிட்டிஷ் அரசு தடைவிதித்தது. தடை வரப்போவதை அறிந்த சுப்பிரமணியமும் வாசனும், உத்தரவு நடைமுறைக்கு வருமுன் சென்னை கெயிட்டி அரங்கில் எல்லோருக்கும் இலவசமாகப் படத்தைத் தொடர்ந்து காட்டினார்கள். கூட்டம் அலைமோதியது. போலீஸ் தடியடி நடத்தியது.

சீட்டு இல்லாமல் திறந்துவிட்ட அந்த அரங்கில் படத்தின் தரத்தைப் பற்றி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பார்ப்பதே ஓர் அரசியல் செயலாகிவிட்டது. 'தியாகபூமி'யின் பிரதி பிழைத்திருப்பது நல்வாய்ப்பு. பிழைத்திராவிட்டால், அது எப்படிப்பட்ட படம் என்பதற்கு அதைத் தயாரித்து விற்றவர்களின் பக்கங்களே முதன்மைச் சாட்சியாக நின்றிருக்கும்.

விரைவில் வாசன் ஜெமினி ஸ்டூடியோவின் அதிபரானார். கல்கி 1941-ல் விகடனைவிட்டு வெளியேறி, டி. சதாசிவத்தோடு 'கல்கி' இதழைத் தொடங்கினார். 1945-ல் சதாசிவம் தயாரித்து எம்.எஸ். சுப்புலட்சுமி நடித்த 'மீரா' படத்துக்குக் கல்கி பாட்டெழுதினார். இரண்டு பெரும் வார இதழ்களும் திரைத்தொழிலோடு உறவுகொண்டவையாகிவிட்டன. இதில் ரகசியம் எதுவும் இல்லை. அக்கால வாசகர்கள் எல்லாம் அறிந்தே படித்தார்கள்.

எழுதாமலிருக்க விலை

இலவசச் சீட்டும் உரிமையாளர் உறவும் விமர்சனத்தை மென்மையாக்கும். இதற்கு நேர் எதிரான நோய் ஒன்று 1940-களில் தலைகாட்டியது. சி.என். லட்சுமிகாந்தன் 'சினிமா தூது' என்ற இதழையும், அது முடக்கப்பட்டபின் 'இந்துநேசன்' இதழையும் நடத்தினார். நடிகர் நடிகையரின் படுக்கையறை விவகாரங்கள் என்று சொல்லப்பட்டவையே இவற்றின் சரக்கு. எழுதாமலிருக்கப் பணம் கேட்டார் என்பது அவர்மீது பரவலாக இருந்த குற்றச்சாட்டு. இதழ் நன்றாக விற்றது. படித்தவர்களும் படித்ததாக ஒப்புக்கொள்ளவில்லை.

1944 நவம்பர் 8 அன்று வேப்பேரியில் லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டார், மறுநாள் இறந்தார். எம்.கே. தியாகராஜ பாகவதர், என்.எஸ். கிருஷ்ணன், இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் கைதானார்கள். நாயுடு விடுதலையானார், மற்ற இருவருக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது. லண்டன் பிரிவி கவுன்சில்வரை போன வழக்கு திரும்பிவந்து, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலை பெற்றார்கள். பாகவதரின் 'ஹரிதாஸ்' பிராட்வே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டபோது அவர் சிறையில் இருந்தார். வெளியே வந்தபின் பழைய இடம் அவருக்குக் கிடைக்கவில்லை. கொலையைத் தூண்டியவர் யார் என்பது கடைசிவரை நிறுவப்படவில்லை.

தமிழில் திரைத்துறை பற்றிய எழுத்தைப் பலர் நெடுங்காலம் சந்தேகத்தோடு பார்த்ததற்கு இவ்வழக்கும் ஒரு காரணம். 1942-ல் தொடங்கிய 'பேசும் படம்', 1947-ல் பி.ஆர்.எஸ். கோபால் தொடங்கிய 'குண்டூசி' போன்ற இதழ்கள் இந்த நிழலிலிருந்து விலகி மரியாதையைச் சம்பாதிக்க வேண்டியிருந்தது.

காஞ்சியிலிருந்து

1942-ல் சி.என். அண்ணாதுரை காஞ்சிபுரத்திலிருந்து 'திராவிட நாடு' இதழைத் தொடங்கினார். அதில் அவர் எழுதிய 'கம்பரசம்' கம்பராமாயணத்தின் சிற்றின்ப வருணனைகளை எடுத்துக்காட்டிக் காவியத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. வயது வந்தோருக்கு மட்டும் என்ற முத்திரையைக் கம்பனுக்குக் குத்தியது என்றே சொல்லலாம். ரசிகமணி டி.கே.சி.யும் கல்கியும் கொண்டாடிய கம்பன் அவன். இந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பதை இன்றும் ஒரு மாணவர் தாமே தீர்மானிக்கலாம். கம்பன் பாட்டும் கையில் இருக்கிறது, கம்பரசமும் கிடைக்கிறது.

கே.ஆர். ராமசாமியின் நாடகக் குழுவுக்காக அண்ணாதுரை எழுதிய 'ஓர் இரவு' நாடகத்தைக் கல்கி பார்த்தார். அரசியலில் எதிர்முனையில் இருந்த அவர், அண்ணாதுரையைப் பெர்னார்ட் ஷாவோடும் இப்சனோடும் ஒப்பிட்டுப் பாராட்டி எழுதினார். கூட்டாளியின் பாராட்டாக இருந்தால் இதை யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். அந்த மேடையேற்றத்தை இனி யாரும் பார்க்க முடியாது. 1951-ல் ஏ.வி.எம். எடுத்த படம் வேறு பொருள். அந்த இரவுக்குக் கல்கியின் வரிகள் நம்பத்தக்க சாட்சி.

முத்திரை என்றதும் ஒரு செய்தி: முதன்முதலில் 'ஏ' சான்றிதழ் பெற்ற தமிழ்ப்படம் 1951-ல் எம்.ஜி.ஆர். நடித்து வெளியான 'மர்மயோகி'. காரணம் காமம் அன்று, பேய்க் காட்சிகள்.

பின்னர் வந்தவர்களில் சுப்புடு (1917-2007) தனித்து நின்றார். 1942-ல் போரின்போது பர்மாவிலிருந்து வந்தவர், தில்லியில் மத்திய அரசு ஊழியர். சோறு போட்டது அரசாங்கச் சம்பளம் என்பதால் சபாக்காரரையும் வித்துவானையும் பகைத்துக்கொள்ள முடிந்தது. திரைப்படத்துக்கு விகடன் மதிப்பெண் போடும் வழக்கத்தைக் கொண்டுவந்தது. 1977-ல் பாரதிராஜாவின் '16 வயதினிலே' 62.5 மதிப்பெண் பெற்றது. அந்த அரை மதிப்பெண் எங்கிருந்து வந்தது என்று அப்போதே பேச்சு நடந்திருக்கும். இன்றும் படத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு அது கூடுதல் என்றோ குறைவு என்றோ வாதிடலாம். 'காளிதாஸ்' படத்துக்கு யாரும் மதிப்பெண் போடவில்லை. இனிப் போடவும் முடியாது.